வலப்பக்கம் திருப்பினால் பின்னால் ஓடும் இன்ஜின்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பாதி திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயது மனிதர் ஒருவர், சரியாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பொம்மை ரயில் இன்ஜினைக் குப்புறப் போட்டார். அடியைத் திறந்தார். மோட்டாரில் ஒட்டியிருந்த இரண்டு வயர்களைப் பிரித்து, இதை அங்கேயும் அதை இங்கேயுமாக மாற்றி ஒட்டினார். திரும்பத் தண்டவாளத்தில் வைத்து ஓடவிட்டார். முன்னால் போக வேண்டிய இன்ஜின் பின்னால் போனது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "இப்பதான் சரி" என்றார்.

அந்த "இப்பதான் சரி"யிலிருந்து கதை தொடங்க வேண்டும். மூன்று தடவை தொடங்கிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்தது.

[அடித்துவிட்டேன். அன்று மழை பெய்யவில்லை. எழுதத் தெரியாதவர்களுக்காக வானம் எவ்வளவுதான் பெய்யும்.]

இரண்டாம் தொடக்கம்: தூரத்தில் ஒரு ரயிலின் கூவல் கேட்டது. அவர் நெஞ்சுக்குள் ஏதோ

[நிறுத்திவிட்டேன். பக்கத்து ரயில் நிலையம் பதினொரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அவர் காதில் விழுந்தது அடுத்த வீட்டுத் தண்ணீர் மோட்டார்தான்.]

மூன்றாம் தொடக்கம்: கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர்

[இது பரவாயில்லை. ஆனால் அந்த ஒருவர் இன்னும் வரவில்லை. வாக்கியம் இப்படியே வாயைத் திறந்துகொண்டு நிற்கட்டும்.]

2

கதாநாயகரை அறிமுகப்படுத்துகிறேன். கண்ணாடிக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எனக்கு எதிர்வீட்டுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடையின் அகலம் பத்தடி. இரண்டு பக்கச் சுவரிலும் நிலைக்கண்ணாடி. புதுக் கண்ணாடி மாட்டிப் பார்க்க வருகிறவர்கள் தங்கள் பின்மண்டையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, முடி கொட்டியிருக்கும் சோகத்தோடு வீடு திரும்புவார்கள். பின்னால் ஒரு சின்ன அறை. லென்ஸ் தேய்க்கும் இயந்திரம், கழுத்து வளைந்த விளக்கு, அரிசியை விடச் சின்னத் திருகுகள் கிடக்கும் தட்டுகள். அந்த அறைதான் அவருடைய ராஜ்ஜியம்.

ஃப்ரேமில் லென்ஸ் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் கழற்றி மறுபடி மாட்டுவார்.

"பரவாயில்ல சார், எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்பார் வாடிக்கையாளர்.

"உங்களுக்குப் பரவாயில்ல. எனக்கும் கண்ணு இருக்கே" என்பார் இவர்.

[எனக்கு இங்கே ஒரு சந்தேகம். அரை டிகிரி கோணலைக் கூடப் பொறுக்காத ஒரு ஆள், தெரிந்தே ஒரு பொருளைத் தப்பாக ஓட வைப்பாரா? நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று பயந்து அவருடைய தொழிலை மாற்றிப் பார்த்தேன். ஒரு பதிப்பில் அரசு அலுவலகக் குமாஸ்தா ஆக்கினேன். குமாஸ்தா ஒருவர் சரியாக ஓடுவதைத் தப்பாக ஓட வைத்தார் என்பது கதையாகவே தோன்றவில்லை. பழைய தொழிலையே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.]

இரண்டு மாதத்துக்கு முன்பு தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதென்று பரணில் ஏறியவர், ஒரு செருப்பு அட்டைப்பெட்டியோடு இறங்கினார். உள்ளே அந்த இன்ஜின். ஒரு சாண் நீளம்கூட இருக்காது. கரும்பச்சை. கையில் எடுத்தால் பெரிய பூட்டைப் போலக் கனம். புகைபோக்கியின் விளிம்பில் ஒரு சின்ன உடைப்பு. மேல்கூடு கிண்ணென்று இருந்தது. கீழேதான் விஷயம் கெட்டிருந்தது. சக்கரங்களைத் தாங்கும் சட்டம் உப்பிப்போய் நடுவில் விரிசல் விட்டிருந்தது. விரலால் தொட்டதும் ஒரு துண்டு பிஸ்கட் போல உதிர்ந்தது. அந்தக் காலத்து வார்ப்பில் கலப்படம் இருந்தால் இப்படித்தான் ஆகும். யாரும் போட்டு உடைக்க வேண்டாம், நனைக்க வேண்டாம். பெட்டிக்குள் சும்மா இருந்தே உப்பும், பிறகு வெடிக்கும்.

[உருவகம் என்று நினைத்து யாரும் அடிக்கோடு போட வேண்டாம். இது உலோகம் பற்றிய தகவல் மட்டுமே.]

பழைய இன்ஜின்களுக்கென்றே புது சேஸிஸ் செய்து தபாலில் அனுப்புகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். சேஸிஸ் என்றால் சக்கரம், மோட்டார், பல்சக்கரம், இவற்றையெல்லாம் தாங்கும் சட்டம். சுருக்கமாகச் சொன்னால் முகத்தைத் தவிர மீதி எல்லாம். கண்ணாடிக்காரர் ஒன்றுக்கு எழுதிப் போட்டார்.

அவர் மனைவி கேட்டாள், "முகத்தத் தவிர எல்லாத்தையும் மாத்திட்டா, அப்புறம் அது எப்படிப் பழைய இன்ஜின்?"

"உங்க அப்பாவுக்கு முட்டி மாத்தினாங்க, பல்லு மாத்தினாங்க, கண்ணுல லென்ஸ் மாத்தினாங்க. நான் அவர மாமான்னு கூப்பிடாம விட்டேனா?"

"நீங்க எங்க கூப்பிட்டீங்க. 'ஏங்க'ன்னுதானே கூப்பிடுவீங்க."

அவர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

3

அந்த இன்ஜின் எப்படித் தப்பாக ஓட ஆரம்பித்தது என்று சொல்லியாக வேண்டும். இதற்கு முப்பத்தொன்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

கண்ணாடிக்காரருக்கு அப்போது பதின்மூன்று வயது. அவர் தம்பிக்கு ஒன்பது. வீட்டில் சின்னவன் என்பார்கள். சின்னவனுக்கு ஒரு தொற்றுக் காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் தனியறையில் வைக்கச் சொன்னார் டாக்டர். பெரியவன் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடாது என்று உத்தரவு. கதவைச் சாத்திவிட்டார்கள்.

அந்தக் கதவின் கீழ்மூலையைக் கரையான் தின்றிருந்தது. ஒரு கை நுழையும் ஓட்டை. பெரியவன் கூடத்திலிருந்து தண்டவாளத்தைப் போட்டுக்கொண்டே போய், அந்த ஓட்டை வழியாக உள்ளே தள்ளினான். மறுபக்கம் கட்டிலுக்கு அடியில் தண்டவாளம் முடியும். இன்ஜினுக்குப் பின்னால் ஒரு திறந்த வேகன். அதில் ஆரஞ்சுச் சுளை போகும், வீட்டுப்பாடம் போகும், "தூங்கறியா?" என்று துண்டுச்சீட்டு போகும். "இல்ல. நீ?" என்று பதில் வரும். மதியம் மூன்று மணிக்கு இரண்டு பேரும் விழித்திருக்கும்போது நடந்த கடிதப் போக்குவரத்து இது.

கண்ட்ரோலர் என்பது நடுவில் ஒரு குமிழ் வைத்த கறுப்புப் பெட்டி. குமிழை வலது பக்கம் திருப்பினால் வண்டி முன்னால் போகும், இடது பக்கம் திருப்பினால் பின்னால் வரும். நாலாம் நாள் இன்ஜின் நின்றுவிட்டது. பெரியவன் பிரித்தான். மோட்டாருக்குள் இருந்த காந்தத்தை எடுத்துத் துடைத்தான். திரும்ப வைக்கும்போது தலைகீழாக வைத்துவிட்டான். இன்ஜின் ஓடியது. ஆனால் வலது பக்கம் திருப்பினால் பின்னால் வந்தது. காந்தத்தை மறுபடி கழற்றிச் சரியாக வைத்திருக்கலாம். இரண்டாவது தடவை பிரித்தால் முழுசாகப் போய்விடுமோ என்று அவனுக்குப் பயம். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவன் ஆரஞ்சுச் சுளைக்குக் காத்திருந்தான்.

"அண்ணா, ஏன் ரிவர்ஸ்ல போகுது?" என்று உள்ளேயிருந்து குரல்.

"கம்பெனிக்காரன் அப்படித்தான் செஞ்சிருக்கான். சூடானா இப்படித்தான் ஓடும்."

"சரிண்ணா."

காய்ச்சல் விட்டுக் கதவு திறந்ததும் சின்னவன் செய்த முதல் வேலை, இரண்டு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கண்ட்ரோலரில் ஒட்டியதுதான். இடது பக்கம் "போ". வலது பக்கம் "வா". அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாம் சரியாகவே ஓடியது.

4

எதிர்வீட்டுக்காரரின் வீட்டுக்குள் நடந்ததெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் இந்நேரம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பெருந்தன்மை.

எங்கள் வீட்டுக்கு எதிரே வீடே கிடையாது. ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. கண்ணாடிக்காரர் என் அப்பா. சின்னவன் என் சித்தப்பா. இருந்தாலும் அப்பாவைக் கதையில் கண்ணாடிக்காரர் என்றே எழுதப் போகிறேன். அப்பா என்று எழுதினால் மரியாதை குறுக்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கண்ணாடிக்காரர் என்றால் தைரியமாகக் காலை வாரலாம்.

இப்போது காலை வார முடியாத ஒரு பகுதி வருகிறது.

பதினோரு வருஷத்துக்கு முன்பு, ஒரு விடியற்காலையில், அவர்களுடைய அப்பா இறந்துபோனார். சின்னவர் அப்போது வேறு ஊரில் லிஃப்ட் மெக்கானிக். சேதி போனதும் கிளம்பிவிட்டார். பாதி வழியில் பேருந்து படுத்துவிட்டது. போன் செய்தார். "அண்ணா, வேற பஸ் ஏத்தி விடறாங்களாம். நாலு மணி நேரம் லேட் ஆகும். வெச்சிருங்கண்ணா."

கண்ணாடிக்காரர் "சரி" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு ஒன்பது வயது. அவர் சரி என்றுதான் சொன்னார்.

அப்புறம் வந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் வானத்தைப் பார்த்து, கொட்டப்போகிறது என்றார். வண்டிக்காரர் இன்னொரு இடத்துக்குப் போகணும் என்றார். ஒரு உறவினர் ஒன்றும் சொல்லாமல் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் கடிகாரம் பார்த்தார். கண்ணாடிக்காரர் நடுவில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். எடுத்துவிட்டார்கள்.

மழை வரவில்லை. முதல் தொடக்கத்தில் மழையை ஏன் அடித்தேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

சின்னவர் வந்தபோது வீட்டைக் கழுவிவிட்ட ஈரம்கூடக் காயவில்லை. வாசலில் பையோடு நின்றார். "நாலு மணி நேரம்தான்ணா கேட்டேன்" என்றார். கத்தவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஏணியைப் போட்டுப் பரணில் ஏறினார். கண்ட்ரோலரை எடுத்துப் பைக்குள் வைத்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். இன்ஜினை எடுக்கவில்லை. கோபத்திலும் பாதிதான் எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசவில்லை.

5

சேஸிஸ் வந்தது. ஒரு சோப்புப் பெட்டி அளவு டப்பா. கூடவே சோதித்துப் பார்க்க ஒரு குட்டி பிளாஸ்டிக் கண்ட்ரோலரும் நாலடித் தண்டவாளமும் இலவசம். கண்ணாடிக்காரர் டப்பாவைப் பிரித்து, ஆறு சக்கரத்தையும் விரலால் உருட்டிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி சுழன்றன. பழையது ஒரே ஜோடிச் சக்கரத்தில் தண்டவாளத்துக் கரண்ட்டை வாங்கி நொண்டும். இது ஆறிலும் வாங்குமாம்.

எல்லாம் பொருந்தியது, ஒரு திருகுத் துளையைத் தவிர. மேல்கூட்டில் இருக்கும் துளைக்கும் புதுச் சட்டத்தில் இருக்கும் துளைக்கும் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். பின்பக்கமும் கொஞ்சம் இடித்தது. மேல்கூட்டின் உட்பக்கத்தில் இருக்கும் ஒரு மேட்டை அரத்தால் தேய்த்துவிட்டால் சட்டென்று உட்கார்ந்துவிடும். கூடவே வந்த காகிதமும் அதைத்தான் சொன்னது.

[இந்த இடத்தில், அந்த மேட்டில் சின்னவர் சிறுவயதில் ஆணியால் தன் பெயரைக் கீறியிருந்தார் என்று எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. என் கண்ணே கலங்கியது. பிறகு போய் இன்ஜினுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பழைய எண்ணெய்ப் பிசுக்கு, ஒரு தலைமுடி. அவ்வளவுதான். அடித்துவிட்டேன்.]

மேட்டில் ஒன்றுமே கீறியிருக்கவில்லை. ஆனாலும் கண்ணாடிக்காரர் அதில் அரம் வைக்கவில்லை. புது சேஸிஸை எடுத்து அதைத் தேய்க்க ஆரம்பித்தார். மோட்டாருக்குள் தூள் போகாமல் பஞ்சு அடைத்து, ஒரு இழுப்பு, ஒரு ஊதல், ஒரு பார்வை. மூன்று நாள், வாடிக்கையாளர்கள் வராத இடைவெளியில். நடுவில் ஒரு அம்மா, கால் உடைந்த கண்ணாடியோடு வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார், பொம்ம ரிப்பேரா?"

"இன்ஜின்."

"பேரனுக்கா?"

"எனக்கு இன்னும் அந்த வயசு ஆகலம்மா."

"அப்ப உங்களுக்கா?"

அவர் அந்த அம்மாவின் கண்ணாடியை வாங்கிக் கீலைப் பார்த்தார். "தம்பிக்கு" என்றார். சொல்லிவிட்டு யாரோ சொன்னதைக் கேட்டவர்போல நிமிர்ந்து பார்த்தார். நான் முன்கடையில் ஃப்ரேம் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

"தம்பி சின்னவரா?" என்றாள் அந்த அம்மா.

"நாப்பத்தெட்டு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

6

துளை பொருந்தாத இடத்தில் ஒரு சின்னப் பித்தளைத் தகட்டை ஒட்ட வேண்டியிருந்தது. இரண்டு ட்யூபைக் கலந்து பூசுகிற பசை. ட்யூபின் முதுகில் அச்சடித்திருந்தது: அசையாமல் வைக்கவும், முழுதாக இறுக நான்கு மணி நேரம்.

[இந்த நான்கை நான் போடவில்லை. வேறு யாராவது தன் கதையில் இப்படிக் கணக்காக எண்ணைப் பொருத்தியிருந்தால் நானே சிரித்திருப்பேன். ட்யூபை வைத்திருக்கிறேன். வேண்டுமென்பவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.]

ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை. சாப்பாட்டு மேஜையில் துணிக் கிளிப் இரண்டைப் போட்டுத் தகட்டை இறுக்கி வைத்துவிட்டு, கண்ணாடிக்காரர் எதிரில் உட்கார்ந்தார். மணி பத்தரை. பசை தானாகக் காயும், யாரும் காவல் இருக்க வேண்டியதில்லை. அவர் இருந்தார். மேஜை ஆடிவிடும் என்று என்னை அந்தப் பக்கம் எழுதக்கூட விடவில்லை.

ஒரு மணிக்கு அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள்.

"இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு."

"அது எங்கயும் ஓடிப்போயிடாது. எந்திரிங்க."

"கோணிக்கிச்சுன்னா மறுபடி முதல்லேருந்து செய்யணும்."

அம்மா கரண்டியோடு நின்றாள். அவள் ஒரு விஷயத்தை ஒரு வாக்கியத்தில் விடுகிறவள் அல்ல. முன்னுரை, பொருளுரை, பத்து வருஷத்துக்கு முந்தைய உதாரணம் எல்லாம் உண்டு. அன்று ஒன்றோடு நிறுத்தினாள்.

"ஒரு பொம்மைக்கு நாலு மணி நேரம் உக்கார முடியுது."

கண்ணாடிக்காரர் கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழை வரும்னு சொன்னாங்க" என்றார்.

"வரலயே."

"வரல."

அம்மா அவர் தட்டை ஒரு மூடியால் மூடினாள். பிறகு நாற்காலியை மெதுவாக, மேஜையில் இடிக்காமல் இழுத்துப் போட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டரை மணி வரை இருவரும் ஒரு துணிக் கிளிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் சாப்பிடவில்லை. எனக்கு மட்டும் பசித்தது. சொல்கிற தைரியம் வரவில்லை.

7

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

கண்ணாடிக்காரர் இலவசத் தண்டவாளத்தைப் பின்னறை மேஜையில் போட்டு, இன்ஜினை வைத்து, பிளாஸ்டிக் கண்ட்ரோலரின் குமிழை வலது பக்கம் திருப்பினார். பழைய முகத்தோடு, புதுக் காலோடு, அது முன்னால் நகர்ந்தது. நொண்டல் இல்லை, உறுமல் இல்லை. இடது பக்கம் திருப்பினார். பின்னால் வந்தது. முப்பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அது சரியாக ஓடியது.

அவர் முகத்தில் சந்தோஷம் எதிர்பார்த்தேன். கடையில் ஒரு ஃப்ரேமைக் காணோம் என்றால் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார். இன்னொரு தடவை வலது பக்கம் திருப்பினார். முன்னால் போனது. நிறுத்தினார். பிறகுதான் குப்புறப் போட்டு, அடியைத் திறந்து, வயர்களை மாற்றினார்.

கதவைத் தள்ளி உள்ளே போனேன்.

"சரியாத்தானேப்பா ஓடிச்சு? ஏன் மாத்தினீங்க?"

"எந்தக் கண்ட்ரோலர்ல சரியா ஓடிச்சு?"

"இதுல."

"இதுல யாரு ஓட்டப்போறா?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. உலகத்தில் இருக்கும் எல்லாக் கண்ட்ரோலருக்கும் இப்போது அந்த இன்ஜின் தப்பு. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் சரி. இடது பக்கம் "போ" என்றும் வலது பக்கம் "வா" என்றும் ஒட்டியிருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டிக்கு. வயரை மாற்றாமல் விட்டிருந்தால், ஒன்பது வயதுப் பையன் ஒருவன் எழுதி ஒட்டிய இரண்டு சொற்களும் பொய்யாகியிருக்கும்.

"சித்தப்பாவுக்குச் சொல்லட்டுமா? நம்பர் இருக்கு."

"நீ ஒண்ணும் சொல்லக்கூடாது."

"அப்ப நீங்க சொல்லுவீங்களா?"

அவர் லென்ஸ் துடைக்கும் மஞ்சள் துணியை எடுத்து இன்ஜின் மேல் போர்த்தினார். "அந்த ரிடையர்டு வாத்தியாரோட கண்ணாடி டெலிவரி இன்னைக்குத்தானே, எடுத்து வை" என்றார். பிறகு திரும்பி, "சொல்ல மாட்டேன்னு சொல்லு" என்றார்.

"சொல்ல மாட்டேன்."

வாக்கு வாக்குதான். நான் சொல்லவில்லை. எழுத மாட்டாயா என்று அவர் கேட்கவே இல்லை.

8

சித்தப்பா மகளுக்கும் எனக்கும் சண்டை கிடையாது. பெரியவர்களின் சண்டையைப் பரம்பரைச் சொத்தாக வாங்கிக்கொள்ள நாங்கள் இருவரும் மறுத்துவிட்டோம். அவளை போனில் கூப்பிட்டு, எதையும் சொல்லாமல், கேள்வி மட்டும் கேட்டேன்.

"உங்க வீட்ல ஒரு பழைய கறுப்பு கண்ட்ரோலர் இருக்கா?"

"இருக்காவா? மூணு தடவ வீடு மாத்திட்டோம். டிவிய லாரில போட்டாரு, பீரோவ லாரில போட்டாரு, என் சைக்கிளத் தொலச்சே போட்டாரு. அத மட்டும் மடியில வெச்சுக்கிட்டு ஆட்டோல வந்தாரு."

"அதுல பேப்பர் ஒட்டியிருக்குமே."

"மேல டேப் போட்டு ஒட்டியிருக்காரு. 'போ' நல்லாத் தெரியுது. 'வா' மை போயிடுச்சு. பேனாவால மேல எழுதி வெச்சிருக்காரு. ரெண்டு மூணு தடவ எழுதியிருப்பாரு போல, அழுந்திப் போயிருக்கு. ஏன் கேக்கற?"

"சும்மா. அது ஏன் மாறியிருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாம? பெரியப்பா காந்தத்த மாத்திப் போட்டுட்டு கம்பெனி மேல பழியப் போட்டாராம். அப்பா அன்னைக்கே கதவு ஓட்டைல பாத்துட்டாராம். அண்ணன் பாவம்னு ஒண்ணும் கேக்கலையாம்."

நான் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். இன்ஜின் எங்கன்னு அவர் எப்பவாவது கேட்டிருக்காரா?"

"கேக்க மாட்டாரு. ரோஷம். உங்க அப்பா?"

"அதே சரக்குதான். ரெண்டு பேரும் ஒரே கடையில வாங்கியிருக்காங்க."

வைப்பதற்கு முன்னால் இன்னொன்று கேட்டேன். அவர் என்ன படிப்பார் என்று. இந்தப் பத்திரிகையின் பெயரைச் சொன்னாள். வாராவாரம் வாங்குவாராம். கதை என்றால் கடைசிப் பகுதியைத்தான் முதலில் படிப்பாராம். முடிவு பிடித்தால்தான் முன்பக்கத்துக்கே போவாராம்.

9

இப்போது முடிவு.

ஒன்று: கண்ணாடிக்காரர் போனை எடுத்து, எண்ணை அழுத்தி, "டேய்" என்கிறார். [அவர் எண்ணை அழுத்துவது உண்மை. போன வாரம் மட்டும் இரண்டு முறை பார்த்தேன். கடைசி இலக்கத்துக்கு முன்னால் நிறுத்திவிடுகிறார். "டேய்" என் சொந்தச் சரக்கு. அடித்துவிட்டேன்.]

இரண்டு: இன்ஜினைக் கடை அலமாரியில் ஃப்ரேம்களுக்கு நடுவே காட்சிக்கு வைத்துவிடுகிறார். வருகிறவர்கள் "அழகா இருக்கே" என்கிறார்கள். வருஷங்கள் போகின்றன. [நடக்கக்கூடியது. இதைத்தான் இலக்கியம் என்பார்கள். எனக்கு வேண்டாம்.]

மூன்று: சின்னவர் வருகிறார். இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். [எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிக்கொண்டதில்லை. அதிகபட்சமாக "சாப்டியா" என்பார்கள்.]

மூன்றும் சரியில்லை. பொதுவான வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் இதுவரை பொறுமையாக வந்ததற்கு நன்றி. பத்தாம் பகுதி உங்களுக்கானது அல்ல. கூட நின்று பார்க்கலாம், குறுக்கே பேச வேண்டாம்.

10

சித்தப்பா, நீங்கள் இங்கிருந்துதான் ஆரம்பித்திருப்பீர்கள்.

மேலே ஒன்பது பகுதிகள் இருக்கின்றன. அவசரமில்லை, அப்புறம் படித்துக்கொள்ளலாம். சுருக்கம் இதுதான். பரணில் நீங்கள் விட்டுப்போன இன்ஜினின் அடிப்பாகம் உதிர்ந்துவிட்டது. அப்பா புது சேஸிஸ் போட்டார். அது சரியாக ஓடியது. அப்படி ஓடுவது அவருக்குப் பொறுக்கவில்லை. வயரை மாற்றிவிட்டார். இப்போது வலது பக்கம் திருப்பினால் பின்னால்தான் வருகிறது. காந்தத்தைப் பற்றி நீங்கள் அன்றைக்கே பார்த்துவிட்டீர்கள் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. அதையும் நான் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையை அவர் வாங்குவதில்லை.

கடை காலை பத்து மணிக்குத் திறக்கும். நீங்கள் கிளம்பி, வழியில் பேருந்து படுத்துவிட்டாலும் பரவாயில்லை. எப்போதும் ஏழரைக்கு முழுசாக இறங்கும் ஷட்டர், இப்போதெல்லாம் பாதிதான் இறங்குகிறது. ஏன் என்று கேட்டால் ஸ்டாக் பார்க்கிறேன் என்கிறார். நாற்பது ஃப்ரேமை ஒரு மனிதர் எத்தனை நாள் எண்ணுவார். போன வியாழக்கிழமை அம்மா அவருக்குச் சாப்பாட்டைக் கடைக்கே கொடுத்துவிட்டாள். டப்பாவில் இரண்டு பேருக்கு இருந்தது.

முதல் பகுதியில் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டிருக்கிறேன். எனக்கு முடிக்கத் தெரியவில்லை என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அது என் கையில் இல்லை. மறுபடி எழுதிவிட்டு எழுந்துகொள்கிறேன்:

கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர், கையில் ஒரு கறுப்புக் கண்ட்ரோலருடன்,